பிணம் சிரித்தாக வேண்டும்

3 ஜூலை 2025, வியாழன்

ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. போதும். இன்று காலை முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், தங்கபாண்டியனுக்கு ஒரு பதிவுத் தபால். நாலு பக்கம். கீழே முழுப் பெயர்: மொ. மொக்கச்சாமி, எம்.ஏ., எம்.ஃபில். கையெழுத்து, தேதி எல்லாம் சேர்த்து.

விஷயம் ஊருக்கே தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் என் ஒரே தங்கச்சி அனுசியாவின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். உடன்பிறந்த ஒரே அண்ணன். பத்திரிகையில் 'தாய்மாமன்' என்று போட்டு அடித்திருந்தது சித்தப்பா மகன் சின்ராசுவின் பெயரை. அவன் கட்சிக்காரன், ஊரெங்கும் பிளக்ஸ் வைப்பவன். என் பெயர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பத்திரிகை வைக்க வந்த இடத்தில், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தங்கபாண்டியன் சொன்னான்: "கடைசி வரியப் பாருங்க மச்சான். 'மற்றும் உற்றார் உறவினர்'னு போட்ருக்குல்ல, அதுக்குள்ள நீங்கதான் இருக்கீக." கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றேன். அனுசியா வாசற்படியில் நின்று, "வராட்டிப் போண்ணே. இனி ஒன் சாவுக்கும் நான் வரமாட்டேன்" என்றாள். இன்று வரை வரவில்லை. சொன்ன சொல்லில் நிற்பவள். அதில் மட்டும் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

கடிதத்தின் முதல் வரியே ஓடவில்லை. 'அன்புள்ள' என்று தொடங்குவதா?

ஓடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குரங்கணியில் ஒரு வெப் சீரிஸ் எடுக்கப்போகிறார்கள். உள்ளூர் முகங்கள் வேண்டுமாம். ஐம்பதைத் தாண்டிய ஆண், எஸ்டேட் முதலாளி வேஷம். நான் மூன்று போட்டோவும் அறிமுக வீடியோவும் அனுப்பியிருந்தேன்; சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடியோவில் பெயர், வயது, உயரம் சொல்ல வேண்டும். பெயரிலேயே நாக்குத் தடுக்கிப் பதினோரு தடவை எடுத்தேன். எங்கள் குலசாமியின் பெயர். மதுரைக்குப் படிக்கப்போன பிறகுதான் அது ஒரு நகைச்சுவை என்று தெரிந்தது.

பல்கலைக்கழக நாடகத்தில் நான்தான் ராஜா. எல்லா வருஷமும். பிறகு ஒரே ஒரு சினிமா. நான் வந்த காட்சியைக் கத்தரித்துவிட்டார்கள். பிறகு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் வாத்தியார், அவர்களும் கத்தரித்தார்கள். இப்போது ஏலக்காய்க் கமிஷன் கடையில் கடிதம் எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

5 ஜூலை, சனி

ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி அறையில் தேர்வு. நடத்துபவர் இனியவன் என்கிற இளைஞர், சென்னை ரயிலில் வந்து இறங்கியவர். நான் இரண்டு வாரமாகத் தயார் செய்திருந்த முதலாளியின் வசனத்தைப் பேசினேன். அடிவயிற்றிலிருந்து குரல். பாதியிலேயே கையைக் காட்டினார்.

"சார், சூப்பர். ஆனா டயலாக் இல்ல சார் அந்த கேரக்டருக்கு."

"முதலாளிக்கா?"

"முதல் சீன்லயே அவர் இறந்துடறார் சார். கதையே அதுக்கப்புறம்தான். பாடி ஃப்ரேம்ல கிடந்துட்டே இருக்கும். சுத்தி ஒப்பாரி. மூச்சு தெரியக்கூடாது, இமை ஆடக்கூடாது. எல்லாராலயும் முடியாது. அதுக்குத்தான் ஆடிஷனே."

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ராஜாவாக நின்றவன். ஆனால் அவர் என் முகத்தைச் சாய்த்து சாய்த்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரத்துல நீங்க ஒரு தடவைகூட சிரிக்கல சார். அது பெரிய ப்ளஸ்" என்றார். என்னைப் பற்றி ஒருவர் ப்ளஸ் என்று சொல்லிக் கேட்டு நாளாகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

என்னோடு இன்னொருவர்தான் போட்டி. தேவாரத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசித் தேர்வு பதினாலாம் தேதி, ஒரு ஏலக்காய் குடோனில். ஒப்பாரி பாடும் பெண்களையும் அன்றைக்கே பார்க்கிறார்களாம். எங்கள் மேல் விழுந்து அழுவார்களாம்.

கிளம்பும்போது இனியவன் இன்னொன்று சொன்னார். பிணமாக நடித்தவர்கள் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதை ஒரு படம் எடுப்பார்கள், சினிமாவில் அது வழக்கம் என்று. "சிரிக்கலைன்னா ஆகாதுன்னு ஒரு இது சார்."

நான் எம்.ஃபில். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும், "கண்டிப்பாக எடுப்பீர்களா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

மனைவி கற்பகத்திடம் 'முதலாளி வேஷம்' என்றேன். பொய் இல்லை.

8 ஜூலை, செவ்வாய்

பயிற்சி. கடையிலிருந்து சீக்கிரம் வந்து, முன்னறையில் பாயை விரித்து, செல்போனை நாற்காலியில் சாய்த்து வைத்துப் படுத்தேன். இனியவன் சொன்ன முறை: முதலில் நாலு பெருமூச்சு. பிறகு பாதிக் காற்றை வெளியே விட்டு, மிச்சத்தைச் சிறுசிறிதாக. வயிற்றால் மூச்சு விடக்கூடாது. மூடிய இமைக்குள் விழியைக் கீழே, கால் பக்கம் பார்த்தபடி நிறுத்த வேண்டும். அப்போதுதான் இமை துடிக்காது. நாக்கை அண்ணத்தில் ஒட்டவிடக்கூடாது. ஒட்டினால் எச்சில் ஊறும், விழுங்கச் சொல்லும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போயிருந்த கற்பகம் திரும்பி வந்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தை எழுத முடியாது. கூடை விழுந்தது. என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "ஏங்க! ஏங்க! எந்திரிங்க!" கண்ணைத் திறந்தேன். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

"வெளக்கு வைக்கிற நேரத்துல இது என்ன சோலி?"

சொன்னேன்.

"முதலாளின்னீக?"

"முதலாளிதான். செத்துப்போன முதலாளி."

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "மாமாவும் இப்பிடித்தான் படுத்தாக. அம்பத்தி மூணு வயசு. இந்தா எந்திரிக்கிறேன்னுட்டுப் படுத்தவுக எந்திரிக்கவே இல்ல. ஒங்களுக்கு ஆவணி வந்தா அம்பத்தி மூணு. வெளையாட்டுக்குப் படுத்தா எமன் திரும்பிப் பாக்க மாட்டான்னு யாரு சொன்னா?"

நாலு அடி வாங்கியும் வலிக்கவில்லை. இந்தக் கேள்விதான் வலிக்கிறது. அப்பாவின் வயதை நான் மறந்திருந்தேன் என்றா நினைக்கிறாள்?

10 ஜூலை, வியாழன்

எடுத்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயிறு அசையவில்லை. நெஞ்சு அசையவில்லை. தொண்டைக்குழி மட்டும் துடித்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஏதோ பூச்சி அகப்பட்டுக்கொண்ட மாதிரி. அதை நிறுத்துவது எப்படி? அது நின்றால் அது நடிப்பு இல்லையே.

மெடிக்கல் கடையில் பிரஷர் பார்த்தேன். பையன் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, "டாக்டரைப் பாத்துருங்க சார்" என்றான். பார்க்கவில்லை. பார்த்தால் படுக்காதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதைவிட, படுக்கலாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும்.

தங்கபாண்டியனுக்குக் கடிதம்: 'அன்புள்ள' வேண்டாம். 'திரு. தங்கபாண்டியன் அவர்களுக்கு' என்று தொடங்கி இரண்டு பத்தி முடிந்தது.

11 ஜூலை, வெள்ளி

மூச்சைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டால் அது தானாக நடக்க மாட்டேன் என்கிறது. கடையில் உட்கார்ந்து மெயில் அடிக்கும்போதுகூட நான்தான் இழுத்துவிட வேண்டியிருக்கிறது. மறந்துவிட்டால்?

12 ஜூலை, சனி

ஜீப் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். காற்றும் சாரலுமாக இருந்தது. மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான் தங்கபாண்டியன். எப்போதும் நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்; அவனும் பார்க்க மாட்டான். இன்று ஜீப்பிலிருந்து இறங்கியே வந்தான்.

"என்ன மச்சான், பொணமா நடிக்கப் போறீகளாம்ல? அதுல நடிக்க என்ன இருக்கு, எப்பயும் போல போய்ப் படுங்க."

ஜீப்புக்குள் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நடந்தேன். பின்னாலிருந்து கத்தினான்:

"பேரு போடுவாகளா மச்சான்? இல்ல, அங்கயும் 'மற்றும் பலர்'தானா?"

சனியன். ஏழு வருஷம் கழித்து முதல் பேச்சு, அதுவும் இந்த மாதிரி. கடைக்குப் போனதும் மூன்றாம் பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினேன். மாலையில் கற்பகத்திடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதா, இல்லையா? குலுங்கியது போலத்தான் இருந்தது.

13 ஜூலை, ஞாயிறு

நாளைக்கு. போகாமல் இருந்துவிட்டால் என்ன? போகாவிட்டால் தங்கபாண்டியன் என்ன சொல்வான் என்பது தெரியும். போனால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

கற்பகம் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் அது முடிந்துபோன விஷயமாகும்.

குடோனில் மூட்டைகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். வேட்டி மாற்றினேன். நாடியைச் சுற்றித் தலைக்கு மேல் வெள்ளைத் துணியால் ஒரு கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. ஒரு பெரிய ரோஜா மாலை. கடைசியில் மூக்கில் பஞ்சு.

"வாயையும் கட்டி மூக்கையும் அடைத்தால் எப்படி?" என்று கேட்டேன். கட்டியிருந்ததால் அது வேறு மாதிரி கேட்டது.

"பஞ்சுல ஓட்டை இருக்கு சார். பயப்படாதீங்க" என்றார் இனியவன்.

இந்த ஊரில் ஏலக்காய் வாசனை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பஞ்சு வைத்ததும் அது நின்றுவிட்டது. அப்போதுதான் இத்தனை வருஷம் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. அந்த நொடி வந்த பயம் இருக்கிறதே. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால் கால் விரல் கட்டியிருக்கிறது.

ஆக்‌ஷன் என்றார்கள். விழியைக் கீழே நிறுத்தினேன். பெண்கள் ஓடி வந்து கட்டிலைச் சுற்றி விழுந்தார்கள். பாண்டீஸ்வரி என்று ஒருத்தி, தேவாரத்துக்காரி. அவள்தான் ஒப்பாரிக்கு ஆள் கூட்டி வந்தவள். அவள் குரல் முதலில். "தங்கத் தேரு சாஞ்சிருச்சே" என்று எல்லா வீட்டிலும் பாடுவதையே பாடினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்டைக்குழி மாலைக்கு அடியில். யாருக்கும் தெரியாது. ஜெயித்துவிடுவேன் என்றுகூடத் தோன்றியது.

பிறகு இன்னொரு குரல் எடுத்தது.

கண்ணைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் குரல் சின்ன வயதில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து வந்த குரல். அனுசியா. என் சாவுக்கு வரமாட்டேன் என்றவள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அசையக் கூடாது.

ஒப்பாரியில் திட்டலாம். சாபம்கூட விடலாம். யாரும் கேட்க முடியாது. ஊரே சுற்றி நிற்க அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று காத்துக்கிடந்தேன். அவள் கை என் முன்நெற்றி முடியை ஒதுக்கியது. பாடினாள்:

ஏலமல எறங்கி வந்தேன் – எங்கண்ணே
எடுத்த சோலி விட்டு வந்தேன்
எம்மே படிச்ச மொக்கச்சாமி – ஒனக்கு
எதுத்துப் பேச வாயில்லையோ

பத்திரிக்க அச்சடிச்சோம் – ஒன்
பேர மட்டும் விட்டுப்புட்டோம்
பாடையில போகையில – ஒன்
பேரச் சொல்லிப் பாட வந்தேன்

மன்னிப்பா, குத்தலா? ஒப்பாரியில் அதைப் பிரிக்க முடியாது. எம்.ஏ.வைச் சொன்னவள் எம்.ஃபில்லை விட்டுவிட்டாள். இதைத்தான் முதலில் நினைத்தேன், அந்த நேரத்திலும்! பிறகு என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. இடது கண்ணின் ஓரத்தில் சூடாக ஏதோ கிளம்பி, காதுக்குள் இறங்கியது. நிறுத்தப் பார்த்தேன். மூச்சை நிறுத்தப் பழகியிருந்தேன். இதற்குப் பழகவில்லை.

"கட்! கட்!" இனியவன் ஓடி வந்தார். "சார், என்ன சார்... பொணம் அழக்கூடாது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நாடிக்கட்டை அவிழ்த்துக் கண்ணைத் திறப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். கதவோரம் முந்தானை மட்டும் தெரிந்தது. என் மாலையைக் கழற்றிக் கண்டக்டருக்குப் போட்டார்கள்.

இனியவனைத் தனியே கூப்பிட்டு, "அந்தச் சிரிப்புப் படம்?" என்று கேட்டேன்.

"அது ஷூட்டிங்ல நடிக்கறவங்களுக்கு சார். இது டெஸ்ட்தானே."

இதற்கு மேல் எப்படிக் கேட்பது? படித்தவன்.

15 ஜூலை, செவ்வாய்

சிரிக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

18 ஜூலை, வெள்ளி

நேற்று ஆடி பிறந்தது. இன்று பாண்டீஸ்வரி கடைக்கே வந்துவிட்டாள். மூட்டை மேல் உட்கார்ந்து, இரண்டு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, கண்டக்டர எடுத்துட்டாக. நல்லாக் கெடந்தாருண்ணே. செத்தவுககூட அப்பிடிக் கெடக்க மாட்டாக."

"சரி."

"அனுசியாவையும் எடுத்துட்டாக. மெயின் பாட்டே அவதான். ஆனா வரமாட்டேங்குறா. இருவத்தி நாலாம் தேதி சூட்டிங். அந்தத் தம்பி எனக்குப் போன் மேல போன்."

"ஏன் வரமாட்டாளாம்?"

"ஏன்னா? ஒங்களாலதான். உசுரோட இருக்க அண்ணனுக்கு, பேரச் சொல்லி, முழு ஒப்பாரி பாடிப்புட்டேன்னு ஒரே பயம். சோறு எறங்கல. நான் பாடி எங்கண்ணனுக்கு ஏதாச்சும் ஆனா இந்த வாய வச்சுக்கிட்டு என்ன பண்ணன்னு கேக்குறா. பொணம் எந்திரிச்சுச் சிரிச்சா தோசம் போயிருமாம்ல, அந்தத் தம்பி எங்ககிட்டயும் சொல்லுச்சு. அவ வெளிய போயிட்டாளா, 'எங்கண்ணே சிரிச்சாரா, சிரிச்சாரா'ன்னு எங்கிட்ட எத்தன தடவ கேக்குறா! நானும் பாவமேன்னு 'சிரிச்சாருடி'ன்னேன்."

"பிறகென்ன?"

"'எங்கண்ணனா? சிரிச்சாரா? நீ கண்டக்டரப் பாத்திருப்ப'ங்குறா!"

மூட்டை குலுங்கச் சிரித்தாள்.

"அவள் அங்கே வந்ததே எதற்கு? நான்தான் பிணம் என்று தெரியாதா?"

"ஒங்க மாப்ளதான் மூணு நாளாச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே, தெரியாம? தெரிஞ்சேதான் வந்தா. நான்கூடக் கேட்டேன், 'என்னடி, சாவுக்கும் வரமாட்டேன்னு சபதம் போட்டவ'ன்னு. 'இது சாவா? ஆடிசன்தானக்கா'ன்னு கெளம்பிட்டா. அங்க வந்து ஒங்களப் பாத்ததும் ஆடிசன் சாவாப் போச்சு அவளுக்கு."

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

"ஒரு போன் போட்டு நல்லாருக்கேன்னு சொன்னா என்னண்ணே?"

"அவள் போன் அவனிடம் இருக்கும். என் நம்பரை அவர்களும் தடுத்திருக்கிறார்கள், அவர்கள் நம்பரை நானும் தடுத்திருக்கிறேன்."

"படிச்சவுக செய்யிற வேலையா இது?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

19 ஜூலை, சனி

தப்பு பத்திரிகை அடித்தவர்கள் மேல்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் எனக்கு இருக்கிற அதே பயம் குரங்கணியில் தங்கச்சி வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. நான் செத்துவிடுவேனோ என்று என்னைத் தவிர இன்னொரு ஜீவனும் சாப்பிடாமல் இருக்கிறது. இதை என்ன செய்வது? கோபத்தோடு சேர்த்து வைக்க முடியவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

விடியும்போது இடது கை மரத்துப்போய்க் கிடந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் இடது கைதான். கற்பகத்தைக் கூப்பிட வாய் வரவில்லை. பிறகு மெல்ல எறும்பு ஊர்வது போல் உணர்வு வந்தது. கையின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

காபி குடிக்கும்போது கற்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பாண்டீஸ்வரி சொன்னதையும் சேர்த்து. கேட்டுவிட்டு அவள் என் செல்போனை எடுத்தாள். "அப்ப சிரிச்சுத் தொலைங்க. எடுத்து அனுப்பிருவோம்."

சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்? பிணத்துக்கு வழிமுறை சொல்லிக் கொடுத்த இனியவன் இதற்குச் சொல்லித் தரவில்லை. முதலில் உதட்டை விரித்தேன். "பல்லு டாக்டர்கிட்டக் காட்டுற மாதிரி இருக்கு" என்றாள். கண்ணைச் சுருக்கினேன். "யாரையோ கடிக்கப் போறீக." நாடகத்தில் ராஜா சிரிப்பாரே, அதைச் சிரித்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜன்னலோரம், வாசல், மொட்டைமாடி என்று எல்லா வெளிச்சத்திலும் பார்த்தாயிற்று. படத்தில் இருந்ததெல்லாம் அந்தக் கட்டிலில் கிடந்த ஆள்தான், பல்லோடு.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சிரிப்பு எனக்குள் இல்லையோ? ஏழு வருஷத்தில் செத்துப்போனது அதுதானோ?

கற்பகம் கை வலிக்கிறது என்று செல்போனை இறக்கினாள். சலித்துப்போய்ச் சொன்னாள்: "கண்டக்டரு வந்தாரு, படுத்தாரு, பேரு வாங்கிட்டாரு. நீங்க செத்தும் 'மற்றும் பலர்'தான்."

என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. மூச்சுப் பயிற்சி எல்லாம் போயிற்று, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தங்கபாண்டியன் பயல் சொன்னதிலேயே நல்ல பேச்சு அது. இதை அவனிடம் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கையிலிருந்த செல்போன் என் முகத்துக்கு நேராக இருந்தது. எடுத்துவிட்டாள்.

21 ஜூலை, திங்கள்

ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். பையன் கேட்டான்: "யாரு சார், உங்க தம்பியா?"

22 ஜூலை, செவ்வாய்

கற்பகத்தின் செல்போனிலிருந்து அனுப்பினால் தங்கபாண்டியன்தான் முதலில் பார்ப்பான், நாளைக்கு ஜீப்பு முழுக்கக் காட்டுவான். அதனால் தபால். இன்று போட்டால் நாளை போய்ச் சேர்ந்துவிடும். இருபத்து நாலுக்கு முன்னால் அவள் கையில் கிடைக்க வேண்டும்.

உறையின் மேல் எழுதினேன்: 'திருமதி அனுசியா, த/பெ' என்று எழுதி அடித்துவிட்டு, 'க/பெ தங்கபாண்டியன், குரங்கணி.' அவன் பெயரை முழுதாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். இதை அவன் கவனிக்கட்டும்.

நாலு பக்கக் கடிதத்தையும் உள்ளே வைக்கலாம் என்று எடுத்தேன். அது முடிந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. படத்தோடு சேர்த்து மடித்தால் அந்தச் சிரிப்பின் மேல் மடிப்பு விழுகிறது. வெளியே எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறது. அது வேறு விவகாரம். ஆவணி வரட்டும், ஐம்பத்து மூன்றைத் தாண்டி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

படத்துக்குப் பின்னால் 'மொ. மொக்' வரை பேனாவைக் கொண்டுபோய், எழுதாமல் நிறுத்தினேன். மொட்டைக் கடுதாசி போடுகிறவனைவிடக் கேவலமானவன் உலகத்தில் இல்லை என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அனுப்புநர் என்று அச்சடித்த இடமும் காலியாகக் கிடக்கிறது. கற்பகம் எட்டிப் பார்த்து, "பேரு போடலையா? அதுக்குத்தான இத்தன வருசமாச் சண்ட?" என்கிறாள்.

என் பெயரை அவள் பாடிவிட்டாள். ஊரே கேட்டது. நான் வேறு எதற்கு எழுத வேண்டும்?

நெஞ்சு இப்போதும் படபடக்கிறது. இடது பக்கம்தான். தபால் எடுக்க வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். உறையை ஒட்டிவிட்டேன். பெயர் இல்லாமலே போடப் போகிறேன்.